ஐம்பது பக்கத்துல மூடி வெச்சவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை மாட்டுங்காவுல காபி குடிக்கும்போது நண்பர் ஒருத்தர் தீர்ப்பு சொல்லிட்டார். "விஷ்ணுபுரமா? ஐம்பது பக்கம் தாண்டலை சார், தூக்கம்தான் வந்தது." பக்கத்துல இருந்தவர் அதுக்கும் மேல: "முதல் பாகத்தை விட்டுட்டு நேரா ரெண்டாவதுக்குப் போயிடுங்க." ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம். அங்க சொல்லலை, இங்க சொல்றேன்.

1997ல வந்த ஜெயமோகன் நாவல். சோனா ஆத்தங்கரையில ஒரு கற்பனைக் கோயில் நகரம். படுத்திருக்கற மூலவர் யுகத்துக்கு ஒரு தரம் புரண்டு படுப்பார்னு நம்பிக்கை. முதல் பாகம் ஸ்ரீபாதம் மெதுவாத்தான் போகும், மறுக்கலை. திருவிழாக் கூட்டம், தெரு, யானை, சிற்பி, கவிஞன்னு ஆள் மேல ஆள். செம்பூர்ல ஏறி சிஎஸ்எம்டி போறதுக்குள்ள மூணு பக்கம் தாண்டாத நாள் எனக்கும் உண்டு. (அந்தத் தலைகாணியை நின்னுக்கிட்டே பிடிச்சுப் பாருங்க, தெரியும்.) கொஞ்சம் வெட்டியிருக்கலாம்னு இப்பவும் நினைக்கிறேன்.

ஆனா விட்டுட்டுப் போக முடியாது சாமி! ரெண்டாவது பாகம் கௌஸ்துபம், காலத்தால முன்னாடி நடக்கறது. ஸ்ரீபாதத்துல ஜனங்க புராணமா பேசற ஆட்கள் அங்க உசிரோட வந்து ஞானசபையில வாதம் பண்றாங்க. பவதத்தரை எதிர்த்து பௌத்தர் அஜிதன் ஜெயிக்கறார். மூணாவது மணிமுடி, பிரளயம். அதுக்குள்ள முதல் பாகத்து ஆட்களே புராணமாயிட்டாங்க. காதல் பித்துல அலைஞ்ச திருவடி இப்போ ஆழ்வார். அவனைப் பித்தனா பாக்காதவங்களுக்கு அது வெறும் பேர். அந்தத் தெருவுல நடக்காதவங்களுக்கு வெள்ளம் வெறும் தண்ணி.

வீட்டுக் கடன் பாக்கறதுதான் என் பொழப்பு. 20 வருஷக் கடன்ல முதல் சில வருஷம் கட்டற தவணை பெரும்பாலும் வட்டிக்கே போகும், அசல் அசையாது. அதுக்காக மூணாவது வருஷமே யாரும் வீட்டை விட்டுட்டு ஓடறதில்லை.

எனக்கு உறுத்தறது வேற. அதே நண்பர் தன் பையனுக்கு லார்ட் ஆஃப் த ரிங்ஸ் வாங்கிக் கொடுத்து, "ஆரம்பம் மெதுவாதான் இருக்கும், பொறுமையா படி"ன்னவர். இங்கிலீஷுக்கு அவ்வளவு பொறுமை, தமிழுக்கு ஐம்பது பக்கமா? நம்ம பசங்க இங்க இந்தி, மராத்தி, இங்கிலீஷ் படிக்கறாங்க; தமிழ் காதோட சரி. நாமளும் மூடி வெச்சா வீட்டுல அந்தப் புத்தகத்தை யார் திறப்பாங்க?

என் பொண்ணுக்கு ராத்திரியில கதையாத்தான் சொல்றேன். ஸ்ரீபாதத்துல கொட்டாவியா விட்டா, நான் விடலை. நேத்து வெள்ளம் ஏற ஆரம்பிச்சது. எழுந்து உக்காந்துட்டா.

"சாமி புரண்டு படுத்தாராப்பா?"

இன்னும் நாப்பது பக்கம் இருக்கும்மா, நாளைக்குச் சொல்றேன்னேன்.