அடைக்கோழியும் அபிவிருத்தியும்

கோழி அபிவிருத்தி பற்றிய அறிக்கைகளில் முட்டைகளின் தொகையும், மக்களுக்கு வழங்கப்பெற்ற குஞ்சுகளின் தொகையும் தவறாது இடம்பெறுகின்றன. வழங்கப்பெற்ற குஞ்சுகளுள் எட்டாவது வார முடிவில் எத்தனை உயிருடன் இருந்தன என்னும் தொகை பெரும்பாலும் காணப்படுவதில்லை. புறக்கடைக் கோழி வளர்ப்பின் உண்மை நிலையை அறிய விரும்புவோருக்கு வேண்டியது இந்த விடுபட்ட தொகையேயாகும்.

இது சிறு விஷயமன்று. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கோழியினப் பறவைகள் ஏறத்தாழ 85 கோடி. அவற்றுள் 31 கோடிக்கு மேற்பட்டவை வீட்டுப் புறக்கடைகளில் வளர்பவை. 2012-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் புறக்கடைப் பறவைகளின் தொகை நூற்றுக்கு 45-க்கு மேல் உயர்ந்திருக்கிறது. பண்ணைகள் பெருகிய இக்காலத்திலும் குடிசை வாயிலில் மேயும் கோழி மறைந்துவிடவில்லை. நிலமற்ற குடும்பங்களில் பெண்கள் தம் கைப்பொருளாகக் கருதக்கூடியது அநேகமாக இது ஒன்றே. பள்ளி திறக்கும் மாதத்தில் சேவல் ஒன்றை விற்றுப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும் வீடுகளை ஆசிரியர்கள் அறிவர்.

ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘வனராஜா’, ‘கிராமப்பிரியா’ ஆகிய இனங்கள் இத்தகைய வீடுகளை மனத்திற்கொண்டு தோற்றுவிக்கப்பட்டவை. நாட்டுக்கோழியைப் போன்ற பலவண்ண இறகும், அதனினும் மிகுந்த முட்டையும் உடையவை. இவற்றின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் முட்டைத் திறனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்களில் அடைகாக்கும் இயல்பு பெரிதும் குன்றிப்போகிறது. அடையில் அமர்ந்த கோழி முட்டையிடுவதில்லை. ஆகவே முட்டையை நாடிய விஞ்ஞானம் அடையை விலக்கியது. பண்ணைக்கு இதனால் இழப்பில்லை. அங்கே பொரிப்புப் பொறி உண்டு. பொறியில்லாத வீட்டிலோ கோழிகள் இறந்தபின் கூடு வெறுமையாகி, அடுத்த குஞ்சுக்கு மீண்டும் அலுவலகத்தின் வாயிலை நாட வேண்டியதாகிறது. ஒவ்வொரு வீட்டிலும் உயரின முட்டைக்கோழிகளோடு அடைகாக்கவல்ல நாட்டுக்கோழிகள் ஒன்றிரண்டையேனும் விடாது வைத்திருக்கச் செய்வது குஞ்சு வழங்கும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைதல் வேண்டும். பின்தங்கிய இனம் என்று நாட்டுக்கோழியை இகழும் வழக்கம் சில பயிற்சி வகுப்புகளில் இன்னும் உள்ளது. அதை விட்டொழிப்பது நலம்.

அடை வைப்பதில் கிராமத்தாருக்குக் கற்பிக்க என்ன இருக்கிறது என்று வினவலாம். இருபத்தொரு நாட்களும், பன்னிரண்டு முட்டைகளும் எவருக்கும் தெரிந்தவையே. தெரியாதது, அடை வைப்பதற்கு முன்னரே முட்டைக்குள் நிகழ்வது. கரு செவ்வனே வளர 37.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தேவை. எனினும் ஏறத்தாழ 20 டிகிரியைக் கடந்தவுடனேயே அது மெல்ல விழித்துக்கொள்கிறது. கோடையில் கூரையடியில் வைத்த முட்டையில் கரு பகலில் சிறிது வளர்ந்து, இரவில் தயங்கி, நாளடைவில் நலிந்து இறக்கிறது. நாட்டுக்கோழி ஓர் ஈட்டு முட்டையை இட்டு முடிக்க இரண்டு வாரங்களுக்கு மேலும் ஆகலாம். வழக்கப்படி அனைத்தையும் சேர்த்து அடை வைத்தால், முதலில் இட்டவை அடைக்கு வரும்போதே கெட்டிருக்கும். முட்டையின்மீது கரிக்கோட்டால் நாளைக் குறித்து, கடைசி ஏழு நாட்களில் இட்டவற்றை மட்டும் அடைக்கு ஒதுக்கி, முந்தியவற்றைக் குழந்தைகளுக்கு உணவாகக் கொடுத்துவிடலாம். ஒதுக்கியவற்றை ஈரமணல் நிரப்பிய பானையின்மேல் வைத்த சட்டியில், கூர்முனை கீழிருக்குமாறு, நிழலில் வைத்தல் போதும். அழுக்கு நீங்கக் கழுவுதல் கூடாது. ஓட்டின்மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் நீரில் கரைந்துபோகும்.

பொரிக்காத முட்டை எதுவாயினும் அதைக் கூமுட்டை என்னும் ஒரே சொல்லால் கிராமம் வழங்குகிறது. வழக்குக்கு அது பொருத்தமான சொல்லே. பரிகாரம் தேடுவோருக்குப் போதாது. கருவே தரிக்காத முட்டை வேறு, தரித்து இறந்த முட்டை வேறு. ஏழாம் நாள் இரவில், ஓர் அட்டையில் சிறு துளையிட்டு, கைவிளக்கின் ஒளியை அதன் வழியே முட்டையில் செலுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். உயிருள்ள கருவைச் சுற்றிச் சிலந்தியின் கால்கள்போல் இரத்த நாளங்கள் பரவியிருக்கும். தொடக்கத்தில் இறந்ததில் ஒரு செந்நிற வளையம் மட்டும் தோன்றும். கரு தரிக்காதது முற்றிலும் தெளிவாயிருக்கும். தெளிந்த முட்டைகள் பலவானால் குறை சேவலிடம். ஒரு சேவல் எட்டு அல்லது பத்துப் பெட்டைகளுக்கு மேல் தாங்காது, திருவிழாவுக்கு ஊர்ச் சேவல்களெல்லாம் அறுபட்ட பின்னர் வரும் ஈட்டில் இக்குறை வெளிப்படையாகத் தெரியும். வளையங்கள் பலவானால் முட்டையைச் சேமித்த முறையில் குறை. உயிரியல் பாடத்திற்கு இதனினும் மலிவான சோதனை ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது. மாணவனின் வீட்டிலேயே நடைபெறக் கூடியது.

அடைக்கோழியின் துன்பமும் கருதத்தக்கது. மூன்று வாரமும் அது நாளுக்கு ஓரிரு முறையே எழுந்து இரை தேடுகிறது, உடல் மெலிகிறது. வங்காளதேசத்துக் கிராமங்களில் ‘ஹாஜல்’ என்னும் மண்சட்டியில் அடை வைக்கின்றனர். சட்டியின் விளிம்பிலேயே தீனிக்கும் நீருக்கும் இரு கிண்ணங்கள் அமைந்திருக்கும். கோழி இடம்விட்டு எழாமலே உண்ணும். நம் குயவர் எவரும் செய்யக்கூடிய பொருள் இது.

பொரித்த பின்னரே பேரிழப்பு நேருகிறது. காகம், பருந்து, கீரி, பூனை ஆகியவை முதல் சில வாரங்களில் கொள்வதே மிகுதி. எடுத்துக்காட்டாக, பத்துக் குஞ்சு பொரித்து நான்கே மிஞ்சும் வீட்டில் மேலும் மூன்றைக் காத்தால், புதுக்கோழி ஒன்றும் வாங்காமலே விளைவு முக்கால் பங்கு உயர்கிறது. இதற்கு வேண்டுவது மூங்கிற் பஞ்சாரம் ஒன்றும், நான்கு வாரப் பொறுமையும். தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துள் அடைத்து, நொய்யும் நீரும் வைத்து, ஆள் இருக்கும் வேளையில் மட்டும் திறந்துவிடல் வேண்டும். பருந்தின் நிழல் கண்டதும் தாய் எழுப்பும் குரலுக்குக் குஞ்சுகள் பதுங்கும். தாயின்றிப் பொறியில் பொரித்து, நான்கு வாரம் வளர்த்து வழங்கப்பெறும் குஞ்சுகளுக்கு அக்குரல் கிட்டாது. அவற்றை வந்த அன்றே வெளியே விடுவது பெருந்தவறு.

பஞ்சாரத்தாலும் தடுக்க இயலாதது இராணிக்கெட் நோய், அதாவது வெள்ளைக்கழிச்சல். 1920-களின் பிற்பகுதியில் குமாவுன் மலையிலுள்ள அவ்வூரில் கண்டறியப்பட்டமையால் இந்தியாவில் இப்பெயர் நிலைத்தது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் வீரியம் கூடிய முக்தேசுவர் வகைத் தடுப்பூசி. மருந்து மலிவானது, நெடுங்காலமாக அறியப்பட்டதும்கூட. குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு குப்பியில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கான மருந்து இருக்கிறது. வீட்டிலோ எட்டுக் கோழிகள். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் செலவிட வேண்டும். அதுவரை குளிரில் வைத்திருக்கவும் வேண்டும். ஆதலின் தனி வீட்டுக்குத் தடுப்பூசி என்பது நடைமுறையில் இல்லாத பொருள். தெருவிலுள்ள அனைவரும் ஒரே நாளில், விடியுமுன் கூடு திறவாதிருக்கும்போது போட்டுக்கொண்டாலன்றி அது பயன்படாது. கோடை தொடங்குமுன் அந்த நாளைக் குறித்து, முந்திய மாலையே வீடுதோறும் சொல்லிவைப்பது கள ஊழியரின் கடமை. பிள்ளைகள் மூலம் அச்செய்தி வீடு சேர்வது எளிது. நோய் கண்ட பின்னர் ஊசி போட்டு, கோழிகள் மடிந்ததும் ஊசியின்மேல் பழி விழுந்த ஊர்களில் மறு ஆண்டு யாரும் கோழியைப் பிடித்துக் கொடுப்பதில்லை.

கோழிகள் திரளாக மடிந்தால் அதை மறைக்காமல் அறிவிக்கச் செய்வதும் இதனோடு சேர்ந்ததே. 2006-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் காணப்பட்டது முதல் இதன் அவசியம் கூடியுள்ளது. ஆனால் அறிவித்தவருக்குத் தம் கோழிகள் அழிக்கப்படும் என்னும் அச்சம் மட்டுமே மிஞ்சுமானால் எவர் வாய் திறப்பர்? இழப்பீடு குறித்த விதியையும், அதைப் பெறும் வழியையும் நோய் வருவதற்கு முன்னரே மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைத்திருத்தல் வேண்டும்.

கள ஊழியரின் பதிவேட்டில் இப்போது குஞ்சு பெற்றவரின் பெயருக்கும் கையொப்பத்திற்கும் இடமுண்டு. அவற்றின் பக்கத்தில் முதல் வாரம், நான்காம் வாரம், எட்டாம் வாரம் என மூன்று சிறு கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் எஞ்சியுள்ள குஞ்சுகளின் தொகையைக் குறிப்பதற்கு மேலிடத்தின் உத்தரவு எதுவும் தேவையில்லை. தொகை குறைந்த வீட்டில் காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதலாம்: பருந்து, கழிச்சல், மழை. அடுத்த முறை அத்தெருவிற்குச் செல்லும்போது கூடுதலாகக் குஞ்சு கொண்டு செல்வதா, பஞ்சாரம் கொண்டு செல்வதா என்பதை அந்தக் கட்டங்களைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.