பையைக் கட்டுமுன் எண்ணுங்கள்

2018 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. உயர்நிலை இரண்டில் படிக்கும் நாற்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். கையுறை, இடுக்கி, பெரிய பைகள், குடிநீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் தயார். இனி ஆண்டுதோறும் நடத்துவோம் என்று முடிவெடுத்த துப்புரவுப் பணியின் முதல் நாள் அது. மணலில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், குப்பை எங்கே?"

கடற்கரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. சற்றுத் தள்ளி வாரியைப் பிடித்தபடி நின்ற துப்புரவு ஊழியர் ஒருவர், எங்கள் சட்டையையும் பைகளையும் பார்த்து விவரத்தைப் புரிந்துகொண்டார். சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "விடியறதுக்குள்ள வாரி முடிச்சிட்டோமே டீச்சர். முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் விட்டு வச்சிருப்போம்."

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சொல் உறுத்தியது. நம் பொழுதுபோக்குக் கடற்கரைகளை ஊழியர்கள் தினமும் சுத்தம் செய்கிறார்கள். அங்கே போய் நாம் என்ன செய்ய நினைத்தோம்?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் செய்த அந்தத் தவற்றை அடுத்த ஆண்டே திருத்திக்கொண்டேன். இன்னொரு தவறும் செய்துகொண்டிருந்தேன். அது புரிய ஐந்தாண்டுகள் ஆயின. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு, பள்ளிக்கு அருகிலிருந்த ஒரு கால்வாயோரத்துக்கு மாறினோம். குப்பைக்குப் பஞ்சமில்லை. மாணவர்கள் வியர்க்க வியர்க்கப் பொறுக்கினார்கள். பைகளைத் தராசில் நிறுத்தோம், வரிசையாக அடுக்கினோம், முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கொவிட் காலத்தில் நின்ற பணியை 2022இல் மீண்டும் தொடங்கினோம். அப்போதும் அதே தராசு, அதே படம்.

2023 ஜூலை 3ஆம் தேதி, பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் நடப்புக்கு வந்தது. அந்தச் செப்டம்பரில் கால்வாயோரத்தில் நின்றபோது ஒரு மாணவன் கேட்டான்: "பைக்குக் காசு வந்த பிறகு இங்கே பை குறைஞ்சிருக்கா டீச்சர்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் "அளக்காமல் முடிவு சொல்லாதே" என்று இதே மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். முந்தைய ஆண்டுகளுக்கு என்னிடம் இருந்தவை வாய் கட்டிய கறுப்புப் பைகளின் படங்கள் மட்டுமே. அவற்றுக்குள் எத்தனை பிளாஸ்டிக் பைகள் இருந்தன, எத்தனை போத்தல்கள் இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவையெல்லாம் எரிந்து சாம்பலாகி செமக்காவ் குப்பை நிரப்பிடத்துக்குப் போய்விட்டன.

எனவே என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எண்ணாமல் செய்யும் துப்புரவுப் பணி பாதி வேலைதான். பொறுக்கிய குப்பை எப்படியும் எரிந்துவிடும். நம் கையில் மிஞ்சுவது நாம் குறித்துவைத்த எண் மட்டுமே.

எண்ணியவர்கள் கண்டது

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆண்டுதோறும் செப்டம்பரில் பல நாடுகளில் நடக்கும் அனைத்துலகக் கடலோரத் துப்புரவுப் பணி, 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தொடங்கியது. லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் அதற்கு வித்திட்டார்கள். ஏறத்தாழ 2,800 தொண்டூழியர்கள் வந்தார்கள். எதைப் பொறுக்கினாலும் அதை ஓர் அட்டையில் குறிக்க வேண்டும் என்பதே அந்த முதல் ஆண்டிலேயே வகுத்த விதி. சிங்கப்பூர் 1992 முதல் அதில் பங்கேற்கிறது. இங்கே அதைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக உயிரியலாளர் என். சிவசோதி. நம் கடலோரங்களிலும் எண்ணிக் குறிப்பது தொடக்கத்திலிருந்தே பணியின் ஒரு பகுதிதான். அதை விட்டுவிட்டுப் பையை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் என்னைப் போன்ற ஏற்பாட்டாளர்கள்.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பிரிட்டனைப் பாருங்கள். அங்குள்ள கடல் பாதுகாப்புச் சங்கத்தின் தொண்டூழியர்கள் கடற்கரையில் 100 மீட்டர் நீளத்தை அளந்து, அதற்குள் கிடப்பதை வகைவகையாக எண்ணுகிறார்கள். 2014இல் அந்த நூறு மீட்டரில் சராசரியாக 5 பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. இங்கிலாந்தில் பைக்குக் கட்டணம் வந்தது 2015இல். 2023இல் அந்தச் சராசரி ஒன்றாகக் குறைந்திருந்தது. சனிக்கிழமை காலையில் கையில் பென்சிலோடு நடந்த சாதாரண மக்கள் சேர்த்த எண்கள், ஒரு சட்டம் கரையைத் தொட்டதா இல்லையா என்பதைக் காட்டிவிட்டன.

தராசு சொல்லாதது

"நாங்கள் எடை போடுகிறோமே" என்று நீங்கள் சொல்லலாம். எடை அறிக்கைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது நம்மை ஏமாற்றும். ஓர் ஆண்டு எங்களுக்கு ஒரு பழைய டயர் கிடைத்தது. அது ஒன்றாலேயே அந்த ஆண்டு "வெற்றிகரமான" ஆண்டாகிவிட்டது.

ஸ்டைரோஃபோம் உணவுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவில் 95 விழுக்காட்டுக்கும் மேல் காற்றுதான். தராசு முள் அசையாது. ஆனால் அதை வெயிலில் விட்டால், புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கும். பெட்டி துண்டாகி, துண்டு துகளாகி, 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்பிளாஸ்டிக்காக மாறும். அதன் பிறகு எந்த இடுக்கியாலும் அதை எடுக்க முடியாது.

சிகரெட் துண்டும் அப்படித்தான். அதன் வடிகட்டி பஞ்சுபோல் தெரிந்தாலும் அது செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு சிகரெட் துண்டு ஊறியிருந்தாலே, அந்த நீரில் விட்ட மீன்களில் பாதி நான்கு நாள்களுக்குள் இறந்தன. தராசில் அந்தத் துண்டுக்கு இடமே இல்லை. எண்ணும் அட்டையில் அது முதல் வரிசைக்கு வரக்கூடும்.

இந்தச் செப்டம்பர் ஏன் முக்கியம்?

அடுத்த ஆண்டு, 2026 ஏப்ரல் 1ஆம் தேதி, பானக் கலன்களைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கவிருக்கிறது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் உலோகக் கலன்களுக்கும் 10 காசு வைப்புத்தொகை சேரும். காலிக் கலனைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

பத்துக் காசு நம் கால்வாயோரத்தை மாற்றுமா? அடுத்த ஆண்டு யாரோ ஒரு மாணவன் இதைக் கேட்கத்தான் போகிறான். பதில் சொல்ல வேண்டுமானால், திட்டத்துக்கு முந்தைய எண் நம்மிடம் இருக்க வேண்டும். வருடாந்தரப் பணியை இந்தச் செப்டம்பரில் நடத்துவோருக்கு அதை எடுக்க இதுவே கடைசி வாய்ப்பு. தவறவிட்டால், 2023இல் நான் நின்ற அதே இடத்தில் நீங்களும் நிற்பீர்கள்.

இதில் அறிவியல் ஆசிரியருக்கு ஒரு பரிசும் இருக்கிறது. கண்ணாடிப் போத்தலுக்கும் காகிதப் பானப் பெட்டிக்கும் இந்த வைப்புத்தொகை கிடையாது. ஆகவே அவை நம் சோதனையின் கட்டுப்பாட்டுத் தொகுதி. அடுத்த ஆண்டு எல்லாமே ஒரே அளவில் குறைந்தால், மழையோ, கூடுதல் துப்புரவோ, வேறு ஏதோ காரணம். பிளாஸ்டிக் போத்தலும் உலோகக் கலனும் குறைந்து, காகிதப் பெட்டி மட்டும் அப்படியே இருந்தால், பத்துக் காசுதான் அந்த வேலையைச் செய்திருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதற்கு இந்த நான்கையும் அட்டையில் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். "பானக் கலன்கள்" என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

எப்படி நடத்துவது?

முதலில் இடம். உங்கள் பள்ளிக்கோ புளோக்குக்கோ அருகில் 100 மீட்டர் போதும். விளக்குக் கம்பம், பாலம் போன்ற நகராத அடையாளங்களை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அதே நூறு மீட்டர்தான். கடற்கரைதான் வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. உங்கள் வீட்டுக்குக் கீழே விழும் உறிஞ்சுகுழல் மழையோடு வடிகாலில் இறங்கினால், அடுத்து நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகும். கடலோரத்தில் எண்ணினால், அலை வேறிடத்திலிருந்து கொண்டுவந்தவையும் சேர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கிழக்குக் கரையில் அப்படி நிறைய ஒதுங்குகின்றன. நம் பழக்கத்தை அளக்க வேண்டுமானால் வீட்டருகே உள்ள கால்வாயோரமே நல்ல இடம்.

அடுத்து, அந்த இடத்தைப் பராமரிக்கும் அமைப்பிடம் பேசி அனுமதி பெறுங்கள். அப்போதே ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இங்கே கடைசியாக எப்போது கூட்டினார்கள்? நாம் எண்ணுவது, கடைசித் துப்புரவுக்குப் பின் சேர்ந்த குப்பையைத்தான். முதல்நாள் கூட்டிய இடத்தையும் ஒரு வாரம் கூட்டாத இடத்தையும் ஒப்பிட முடியாது. அந்த ஊழியரின் சிரிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த அறிவியல் இது. முந்தைய சில நாள்களில் பலத்த மழை பெய்ததா என்பதையும் குறித்துவையுங்கள்.

சதுப்புநிலக் காட்டுக்கோ கடலோரத்துக்கோ போவதென்றால் அலை அட்டவணையைப் பார்த்த பிறகே தேதி முடிவு செய்யுங்கள். நம் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். நீர்மட்ட வேறுபாடு 3 மீட்டர் வரைகூடப் போகும். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். "எல்லாருக்கும் வசதி" என்று சனிக்கிழமை ஒன்பது மணியைப் பிடித்தால், நீங்கள் பொறுக்க வேண்டிய இடம் தண்ணீருக்கடியில் இருக்கலாம்.

நான்கு பேருக்கு ஒரு குழு. மூவர் பொறுக்க, ஒருவர் குறிக்க வேண்டும். பொருளைக் கையில் எடுத்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பைக்குள் போட்ட பிறகு எண்ணப் பார்த்தால் நடக்காது. அட்டையில் பத்துப் பன்னிரண்டு வகை போதும். இலை, சருகு, மரக்கட்டை, உயிருள்ள எதையும் தொடவேண்டாம். போத்தலுக்குள் துறவி நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சதுப்புநிலத்தில் தரைக்குமேல் நீட்டிக்கொண்டிருப்பவை மரங்கள் மூச்சுவிடும் வேர்கள். அவற்றை மிதிக்காமல் நடக்கச் சொல்லுங்கள். மூடிய காலணி கட்டாயம். இடி கேட்டால் பணியை அங்கேயே நிறுத்துங்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் பொறுக்குவதை முடித்து, அட்டைகளை அங்கேயே கூட்டி, மொத்தத்தைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு குளிர்பானம். வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்த அட்டைகள் என் அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கின்றன.

"பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா?"

சக ஆசிரியர்கள் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எண்ணினால் வேகம் குறையும். பைகள் குறையும். படத்தில் குவியல் சிறியதாகத் தெரியும். சமூகச் சேவைக்கு வரும் மாணவனுக்கு நல்ல உணர்வு கிடைத்தால் போதாதா என்றும் கேட்கலாம்.

நல்ல உணர்வு வேண்டும்தான். அது மதிய உணவு வரைக்கும் நீடிக்கும். முந்தைய ஆண்டின் எண் கையில் இருக்கும் மாணவனோ பந்தயம் கட்டுகிறான். "இந்த வருஷம் ஸ்ட்ரா குறையும் டீச்சர்" என்கிறான். குறையாவிட்டால் ஏன் என்று கேட்கிறான். பக்கத்து உணவங்காடி நிலையத்தில் போய்ப் பார்க்கிறான். என் வகுப்பறையில் நான் உண்டாக்கத் தவிக்கும் ஆர்வம் அங்கே தானாக வருகிறது.

1968 அக்டோபர் 1ஆம் தேதி, 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கத்தை அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தொடங்கிவைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் நகரம் சுத்தமாக இருப்பது நாம் போடாததாலா, விடியுமுன் யாரோ வாரிவிடுவதாலா? ஒவ்வொருவருக்கும் ஓர் ஊகம் இருக்கிறது. ஊகத்தை விட்டுவிட்டு, உங்கள் நூறு மீட்டரில் உள்ளதை எண்ணிப் பாருங்கள்.

அனைத்துலகத் துப்புரவு நாளான செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, இந்த ஆண்டு 20ஆம் தேதி வருகிறது. நாங்கள் எங்கள் கால்வாயோரத்தில் இருப்போம். 2023இலிருந்து எண்ணி வைத்திருக்கிறோம், முன்பு பதில் இல்லாமல் நின்ற வெட்கத்தால். உங்கள் பள்ளியோ, குடியிருப்பாளர் குழுவோ, குடும்பமோ ஏற்கெனவே ஒரு துப்புரவுப் பணிக்குத் திட்டமிட்டிருந்தால், தராசை வீட்டில் வைத்துவிட்டு நான்கு பென்சில்களை எடுத்துச் செல்லுங்கள். அடுத்த செப்டம்பரில் ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.