கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதார்

ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்ட் பஸ்கள் ஓடும் சாலையிலேயே மேற்கே போனால் வாலாஜாபாத். அதற்கப்பால் காஞ்சிபுரத்தை அடுத்து கீழ்ஒட்டிவாக்கம். அங்கே 1912-ல் பிறந்த சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலி தேசத்து மிக்னானோவில் மாண்டார். நம்மில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

மதராஸ் சாப்பர்ஸ் படையில் அவர் சுபேதார். பாதை போடுவது, பாலம் கட்டுவது, புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பது இவைதான் அப்படையின் வேலை. பட்டாளத்து உடுப்பில் மண்வெட்டி பிடித்தவர்கள் என்றே சொல்லலாம். 'தம்பிகள்' என்பது அவர்களுக்கு ராணுவத்தில் வழங்கிய பெயர்.

அன்றும் கண்ணி தேடும் வேலைதான். கூட வந்த ஒருவரின் காலடியில் கண்ணி பொறி தட்டியது. அந்த ரகம் மிதித்தவுடனே வெடிப்பதில்லை. சில விநாடி அவகாசம் உண்டு. தரையோடு தரையாய்ப் படுத்திருந்தால் சுபேதார் தப்பியிருக்கலாம். அவரோ ஓடிச்சென்று கண்ணியின் மீதே விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் மாண்டார். அந்த ஆண்டு ஜூனில் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவித்தது பிரிட்டிஷ் சர்க்கார்.

பதக்கம் மன்னருடையது; உயிர் நம் ஜில்லாவினுடையது. 1939 செப்டம்பர் 3 அன்று இந்திய ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நாட்டை யுத்தத்தில் இழுத்துவிட்டார் வைஸ்ராய் லின்லித்கோ. மதராசிகள் 'வீர ஜாதி' அல்ல என்று 1920-களில் நம் காலாட்படைகளைக் கலைத்த அதே சர்க்கார், ஆள் தேவைப்பட்டதும் 1942-ல் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பியது! சுமார் 25 லட்சம் இந்தியர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 87,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பலரைச் சேரச் செய்தது மன்னர் பக்தியல்ல, மாதச் சம்பளம். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த காலம் அது.

நாஜிகள் முறியடிக்கப்பட்டது உலகத்து உழைப்பாளி மக்களுக்கு நன்மையே. அதில் சுப்பிரமணியனுக்கும் பங்குண்டு. ஆயினும் அவர் அந்தச் சில விநாடிகளில் காத்தது சாம்ராஜ்யத்தை அல்ல, பக்கத்தில் வேலை செய்த கூட்டாளிகளை. ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வயிற்றைக் காட்டி வாலிபனை யுத்தத்துக்கு இழுப்பது இன்றும் நிற்கவில்லை. உதவியாள் வேலை என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டி ரஷ்யாவுக்கு அனுப்பிய இந்திய வாலிபர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். அந்த ராணுவத்தில் சேர்ந்தவர்களில் 12 பேர் இறந்ததாக 2025 ஜனவரியில் இந்திய அரசே சொன்னது. ஒப்பந்த வேலை முடிந்து வீட்டிலிருக்கும் நம் பையன்களிடமும் அப்படிப்பட்ட ஏஜெண்டு வரக்கூடும். அவன் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வரும் பிப்ரவரி 24 அன்று ஆலை வாயில்களிலும் கிராமக் கிளைகளிலும் சுபேதார் சுப்பிரமணியன் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம் நிற்போம். கீழ்ஒட்டிவாக்கத்துக்குப் போகக் கூடியவர்கள் போய் வாருங்கள்.