துண்டு விழுவது எவர் தலையில்?

அரசின் செலவு வரவை விஞ்சினால் துண்டு விழும். துண்டை அடைக்கக் கடன் வாங்கினால் வட்டி ஏறும். நடுவணரசின் செலவில் ஏறத்தாழக் காற்பங்கு வட்டிக்கே போகின்றது. ஆகவே செலவைச் சுருக்குவதும் வரியைச் சீர்செய்வதும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பதை அறிவுடையார் எவரும் மறுக்கார். சுருக்குவது எச்செலவை, சீர்செய்வது எவர் வரியை என்பதே வழக்கு!

துண்டை நாட்டு விளைவாக்க மதிப்பில் 3 விழுக்காட்டுக்குள் அடக்குவோம் என்று 2003-இல் சட்டம் இயற்றினர். வரையறுத்த காலம் தள்ளிக்கொண்டே போயிற்று. பெருந்தொற்றுக் காலமாகிய 2020-21-இல் துண்டு 9.2 விழுக்காட்டை எட்டியது. அதற்கு முன்னரே, 2019 செபுதம்பரில், பிற சலுகைகளைத் துறக்கும் பெருநிறுவனங்களுக்கு அடிப்படை வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்திருந்தனர். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி உருபா வருவாய் குறையும் என்று சொன்னவரும் அரசினரே. செல்வ வரியையோ 2015-இலேயே ஒழித்துவிட்டனர். இதற்குப் பெயர் வரிச் சீர்திருத்தமாம்!

கத்தரிக்கோல் எங்கே பாய்ந்தது? சிற்றூர் ஏழையர்க்கான நூறுநாள் வேலைத் திட்டத்திற்கு 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் 73,000 கோடி ஒதுக்கியோர், அடுத்த ஆண்டு 60,000 கோடியே ஒதுக்கினர். கூலிக்காக வெயிலில் மண் சுமந்த மூதாட்டியா நாட்டைக் கடனாளியாக்கினாள்?

இதனினும் நுட்பமானது மேல்வரிச் சூழ்ச்சி. பங்கிடத்தக்க வரித்தொகையில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு உரியது எனப் பதினைந்தாம் நிதிக்குழு வகுத்தது. ஆனால் அரசியல் சட்டத்தின் 270-ஆம் பிரிவின்படி, தனித்தீர்வையும் மேல்வரியும் அத்தொகையில் சேரா. தில்லி இவ்வோட்டையை வாயிலாகவே அகலப்படுத்திக்கொண்டது. 2020 மே திங்களில் உயர்த்தியபின், ஓர் இலிட்டர் பெட்ரோலுக்கு நடுவண் தீர்வை 32 உருபா 98 காசாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பங்கிடத்தக்கது வெறும் 2 உருபா 98 காசு! எஞ்சிய 30 உருபாவும் தில்லிக்கே. அதில் 18 உருபா சாலைக்கும் கட்டமைப்புக்கும் என்றனர். ஆகட்டும், மாநிலங்கள் சாலையே போடுவதில்லையா? மதுரையில் வண்டியோட்டுவோன் கொடுத்த பணம் தில்லியின் துண்டைச் சுருக்குகின்றது. அவன் பிள்ளை படிக்கும் பள்ளியையும் அவன் தாய் கிடக்கும் மருத்துவமனையையும் நடத்த வேண்டிய மாநிலத்தின் துண்டோ விரிகின்றது. இது துண்டைக் குறைப்பதா, தூக்கி அடுத்தவன் தலையில் போடுவதா?

மேல்வரிகளையும் தனித்தீர்வைகளையும் முதற்கண் பங்கீட்டுக்குள் கொணரட்டும். ஒழித்த செல்வ வரியை மீட்கட்டும். பெருநிறுவனங்களுக்கு விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெறட்டும். ஏழையின் கூலியில் கைவைப்பதைப் பற்றி அதன்பின் வாய் திறக்கட்டும்!