சேவைக்குப் போகிறார்களாம்!

மாணவர்கள் அந்நிய தேசத்துக்குப் போய்ச் சேவை செய்வது நம் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு கௌரவமாகிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம், “பையன் ஃபாரினில் படிக்கிறான்” என்பார்கள். இப்போது அதற்கு முதற் படியாக, “மூன்று வாரம் தொண்டு செய்யப் போயிருக்கிறான்” என்கிறார்கள். விமானக் கட்டணம், தங்குவதற்குக் கட்டணம், அந்தத் தொண்டை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஸ்தாபனத்துக்கு ஒரு கட்டணம், எல்லாம் அப்பா கொடுக்கிறார். தொண்டு மட்டும் பிள்ளை செய்கிறான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற இன்ஜினீயர் ஒருவர், தம் பேத்திக்கு வந்திருந்த அச்சுக் குறிப்பை எனக்குப் பெருமையோடு காட்டினார். விமானத்தை விட்டு இறங்கியதும் பெயர் எழுதிய அட்டையோடு ஆள் நிற்பார். முதல் இரண்டு நாள் ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். பணம் மாற்றுவது, பஸ் பிடிப்பது, பெரியவர்களுக்கு எப்படி வணக்கம் சொல்வது, எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்பது வரை கற்றுக் கொடுப்பார்கள். மூன்றாம் நாளிலிருந்து சேவை!

அந்த முதல் இரண்டு நாளைப் பற்றி எனக்கு ஆட்சேபணையே இல்லை. சொல்லப் போனால் அந்தப் பிரயாணத்தில் உருப்படியான பகுதியே அதுதான். பாஷை தெரியாத ஊரில், பத்து வயதுப் பையனிடம் வழி கேட்டுக்கொண்டு நிற்பது மனிதனுக்கு மிகவும் நல்லது. என் சண்டையெல்லாம் மூன்றாம் நாளோடுதான். முந்தாநாள் வரை பஸ் பிடிக்கத் தெரியாத பிள்ளை, மூன்றாம் நாள் காலையில் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு உபாத்தியாயராகிவிடுகிறதே, அது எப்படி ஐயா?

அந்நியர் வந்து தொண்டு செய்வது கூடாது என்று நான் சொல்லவில்லை. 1934 ஜனவரியில் பூகம்பம் பீகாரைக் குலைத்துப் போட்டது. அப்போது ஸ்விட்சர்லாந்திலிருந்து பியர் செரெசோல் என்ற இன்ஜினீயர் சில தோழர்களோடு வந்து, கிராமத்தாரோடு சேர்ந்து மண் சுமந்து வீடு கட்டினார். 1966-ல் ‘பீஸ் கோர்’ என்ற அமெரிக்கத் தொண்டர் படையில் சேர்ந்து, பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலிக்கு வந்தார் ஒரு நர்ஸம்மாள். பெயர் லில்லியன் கார்ட்டர். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தார். இவர்கள் கையில் ஒரு தொழில் இருந்தது. மனத்தில் அவசரம் இல்லை. மூன்று வாரப் பிள்ளைகளிடம் இருப்பது அவசரமும் காமிராவும்தான்.

இதைச் சொல்வதில் நான் முதல்வனல்ல. 1968-ல் மெக்ஸிகோவில், தொண்டு செய்யக் கூடியிருந்த அமெரிக்க மாணவர்களிடமே இவான் இல்லிச் என்ற பாதிரியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: வாருங்கள், பாருங்கள், படியுங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்று. உதவியின் லட்சணத்தைக் கம்போடியாவில் பார்க்கலாம். அங்கே அநாதை விடுதிகளில் இருந்த குழந்தைகளில் நாலில் மூன்று பங்குக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக 2011-ல் வெளியான ஆய்வு சொல்லிற்று. கொஞ்சுவதற்கு ஆள் வருகிறதென்றால் அநாதைகளையும் உண்டாக்கிவிடுகிறார்கள்! நான் கதை எழுதுகிறவன். ஒருத்தரைக் கதாநாயகராக்குவதற்காக ஒரு ஊரையே உபபாத்திரமாக்குவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியாமற் போவதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த ஊரே வந்து குடியேறினவர்களின் ஊரல்லவா? 1956-ல் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சோவியத் நிபுணர்கள் துணையோடு அனல் மின் நிலையம் எழுந்தது. ஜெர்மன் இயந்திரங்கள் மண்ணை வாரின. வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தாம். ஆனாலும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிற பூமி அது. இரவு பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். அந்த மண்ணிடம் பாடம் கேட்காமல் எந்த நிபுணரும் அங்கே ஒரு கூடை கரி எடுத்திருக்க முடியாது. 1962-ல் ஓடத் தொடங்கிய அந்த முதல் நிலையம் 2020 வரை மின்சாரம் கொடுத்தது.

அதே ஊரில் இன்னொரு கூட்டமும் புது இடத்தில் குடியேறிற்று. விமானம் ஏறவில்லை, பாஸ்போர்ட் வாங்கவில்லை. சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் நிலம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த கிராமத்தார்கள். வட்டம் வட்டமாக எண் போட்டு, மரம் வைத்து, அகலமாக ரோடு போட்ட நகரம், அவர்கள் பிறந்த மண்ணிலேயே அவர்களுக்கு அந்நிய தேசமாயிற்று. பெயர் எழுதிய அட்டையோடு அவர்களுக்காக யார் நின்றார்கள்? அதுவும் பழங்கதை அல்ல. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்றது நிர்வாகம். உழவர்கள் பயிரைக் காட்டினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவாயிற்று. அந்த ஊருக்குப் போக பஸ் இருக்கிறது. அங்கே பேசுகிற பாஷை தமிழ்.

“உலகம் தெரியட்டுமே” என்கிறார்கள். தெரியட்டும்! “மேல்நாட்டு யூனிவர்ஸிடிக்கு விண்ணப்பம் போடும்போது உதவும்” என்று அடுத்த வாக்கியத்தில் உண்மை வெளியே வந்துவிடுகிறது. அப்படியானால் யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள்? நம் கல்லூரிகளில் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம். ஏழு நாள் கிராமத்து முகாம். “அங்கெல்லாம் கொசு கடிக்கும், கக்கூஸ் சரியாயிராது” என்று மகளைத் தடுக்கிற அதே தகப்பனார்தான், வெளிநாட்டு முகாமுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார். உள்ளூர்க் கொசு கடித்தால் வியாதி. கடல் கடந்த கொசு கடித்தால் அனுபவம்!

பிள்ளைகள் போகட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த முதல் இரண்டு நாளையே மூன்று வாரமாக்கிக்கொண்டு போகட்டும். வழி கேட்கட்டும், பாஷை கற்கட்டும், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் துன்பத்தைத் தாங்களே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு பார்க்கட்டும். மாணவன் என்ற பெயருக்கு அதைவிட மரியாதை கிடையாது. ‘சேவை’ என்கிற வார்த்தையை மட்டும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும். பக்கத்து ஊரில் அதற்கு வேலை இருக்கிறது.