சராசரிக்குள் மறையும் வெடிச்சத்தம்

கண்டிக்கு வெடிச்சத்தம் புதிதல்ல. எசல பெரஹெர புறப்படுவதை ஊருக்கு அறிவிப்பதே வேட்டுச் சத்தம்தான். தோட்டத் துரைமாரின் தொண்டர் படையான சிலோன் பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர்ப்ஸ் 1900 முதல் 1949 வரை இந்நகரில்தான் நிலைகொண்டிருந்தது. ஆனால் 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலில் குண்டு நிரப்பிய லொறி வெடித்தது. அதன் பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் வரும் ‘டமார்’ இங்கே வேறு விதமாகத்தான் காதில் விழுகிறது. நேரம் தெரிந்த வேட்டுக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நிற்கும் ஊர், நேரம் தெரியாத வெடிக்குத் திடுக்கிடுகிறது. திறந்தவெளிச் சுடுதளமோ கல்குவாரியோ, அயலவர் முறைப்பாட்டின் அடிப்படை இதுதான்.

சட்டம் அளப்பதோ வேறொன்றை. 1996 மே மாதம் வர்த்தமானியில் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, கண்டி போன்ற மாநகர சபைப் பகுதியில் பகலில் 63 டெசிபல், இரவில் 50. குண்டசாலை போன்ற பிரதேச சபைப் பகுதியில் 55, 45. இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது, அது நல்லதுதான். ஆனால் இந்த எண்களெல்லாம் ஒரு கால அளவில் எடுக்கப்படும் சராசரி. ஓயாமல் இரையும் அரிசி ஆலைக்கு அது பொருந்தும், துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஒரு வீட்டு முற்றத்தில், ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்கு 80 டெசிபலுக்கு ஈடான பத்து வெடிகள் ஒரு மணி நேரத்தில் கேட்டால், சராசரிக் கணக்கில் அவை ஏறத்தாழ 54 டெசிபல்தான். கிராமத்துக்கான பகல் வரம்பைக்கூடத் தாண்டவில்லை. தொட்டிலில் தூங்கிய குழந்தை மட்டும் பத்துத் தடவை விழித்திருக்கும்.

போதாக்குறைக்கு, ஹந்தானையும் சுற்றியுள்ள மலைகளும் சூழ்ந்த கிண்ணம் இந்த நகரம். விடியலில் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் தங்கும்போது, மேலெழும் ஒலி வளைந்து மறுபடி பள்ளத்தாக்கிலேயே இறங்கும். மத்தியானம் கேட்காத சத்தம் காலை ஆறரைக்குத் தெளிவாகக் கேட்பது இதனால்தான். அளவுகருவியோடு அதிகாரிகள் வருவது என்னவோ பெரும்பாலும் மத்தியானத்தில்!

சுவிட்சர்லாந்து இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்துவிட்டது. துப்பாக்கிப் பயிற்சி அங்கே படையினருக்குக் கட்டாயம். ஊருக்கு ஊர் சுடுதளம். அந்நாட்டின் 1986ஆம் ஆண்டு ஒலித் தடுப்பு ஆணையில் குடிமக்கள் சுடுதளங்களுக்கென்றே தனிப் பின்னிணைப்பு உண்டு. ஓராண்டில் எத்தனை அரைநாள் சுடுகிறார்கள், எத்தனை தோட்டா என்பதெல்லாம் கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை அரைநாள் ஒன்று மூன்றாக எண்ணப்படும். ஓய்வு நாளைக் கெடுப்பவருக்குக் கூடுதல் விலை என்பது நேர்மையான கணக்கு.

இலங்கை நீதிமன்றங்களும் இந்தத் திசையில் நடந்தவைதான். வெலிகமப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழக்கில் 2007 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், டெசிபலோடு நிற்காமல் கடிகாரத்தைப் பார்த்தது: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி அனுமதி கிடையாது. அதற்கும் முன்னால், குருநாகல் பகுதியில் கல்லுடைக்க வெடி வைத்த கியாங்னாம் நிறுவனத்தின் வழக்கு 1994ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் பதிவானது. தேசிய சுற்றாடல் சட்டம் வந்துவிட்டதால் பொதுத் தொல்லையை விசாரிக்கும் நீதவானின் அதிகாரம் போய்விட்டது என்ற வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

“சத்தம்தானே” என்று தள்ளிவிடுவோர் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையை நினைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையைத் துளைத்தது. நான்கு நாளில் அவன் இறந்தான். சத்தத்தைப் பற்றிய முறைப்பாடு, தளம் குடியிருப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பற்றிய முறைப்பாடும்கூட.

ஆகவே அயலவர் கேட்க வேண்டியது சராசரி அறிக்கையை அல்ல, நேர அட்டவணையை: எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை வெடி. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம சேவகர் அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். தோட்ட லயங்களுக்கும் சொல்ல வேண்டும். விடியற்காலையும் போயா தினமும் விலக்கப்பட வேண்டும். மறுத்தால், தேதியும் நேரமும் குறித்த கொப்பி ஒன்றோடு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். குருநாகல் மக்கள் போனது அந்த வழியில்தான்.