கழித்துக் கட்டியவர்களின் அணி

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 1973-ல் ஒரு பேஸ்பால் அணி பிறந்தது. பெயர், மேவரிக்ஸ். தொடங்கியவர் பிங் ரஸ்ஸல், 'பொனான்ஸா' டி.வி. தொடரில் துணை ஷெரீஃபாக நடித்தவர், நடிகர் கர்ட் ரஸ்ஸலின் அப்பா. எந்தப் பெரிய அணியின் தயவும் இல்லாத சுயேச்சை அணி அது. 'யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம்' என்று அறிவித்தார். மற்ற அணிகள் கழித்துக் கட்டிய வீரர்கள் திரண்டு வந்தார்கள். ஜெயிக்கவும் செய்தார்கள். மைதானம் நிரம்பியது.

அந்தக் கூட்டமே வினையானது! ஆள் வரவில்லை என்று முன்பு ஊரைவிட்டுப் போன பசிபிக் கோஸ்ட் லீக், மறுபடி போர்ட்லாந்தைக் கேட்டது. விதிப்படி மேவரிக்ஸ் விலக வேண்டும். 1977-ஓடு ஆட்டம் முடிந்தது. கொடுத்த சொற்ப இழப்பீட்டை ரஸ்ஸல் ஏற்கவில்லை. மத்தியஸ்தம் வரை போய் 2,06,000 டாலர் வாங்கினார். ஆனால், ஊர் கேட்டது பணத்தையா? அந்த அணியைத்தானே!